வரைந்த படத்தைத் துணியில் தைக்க: கை ஊசியிலிருந்து கம்ப்யூட்டர் மெஷின் வரை

வரையத் தெரியும், தையலும் ஓரளவு வரும், ஆனால் நோட்டில் இருக்கிற படத்தைத் துணிக்குக் கொண்டுபோகத் தெரியவில்லை என்று திணறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஆரி (துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் போடும் சங்கிலித் தையல் வேலை) வகுப்புக்குப் பஞ்சமில்லை. டவுன், பாளையங்கோட்டை என்று மட்டுமில்லாமல் அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் வரை போர்டு தொங்குகிறது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடைகளும் இருக்கின்றன. ஆனால் வகுப்பில் பெரும்பாலும் அச்சடித்த டிசைன் ஷீட்டைக் கொடுத்துத் தைக்கச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் கடைக்காரர் ரெடிமேட் டிசைன் ஃபைலைக் காசுக்கு வாங்கி ஓட்டுகிறார். நம் கையால் வரைந்த படத்தை நூலாக மாற்றும் நடுவேலையைச் சொல்லித் தர ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று கேட்டு, தைத்து, பிரித்து, திரும்பத் தைத்துத் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன். விலைகள் எல்லாம் ஏறத்தாழச் சொல்வதுதான். கடைக்குக் கடை மாறும்.

1. மெஷின் வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்களின் பணம் போவது இங்கேதான். கம்ப்யூட்டர் மெஷின் தானாகப் படம் போட்டுவிடும் என்று நினைத்து, கடன் வாங்கி இறக்கிவிடுவார்கள். மெஷினுக்குப் படம் புரியாது. ஊசி எந்த இடத்தில் இறங்கி எந்த இடத்தில் ஏற வேண்டும் என்று ஒவ்வொரு தையலையும் ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைகளில் அந்த வேலைக்குப் பஞ்சிங் என்று பெயர். டிஜிட்டைசிங் என்றும் சொல்வார்கள். அது வராதவரை மெஷின் இருந்தும் வாங்கின டிசைனைத்தான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே வரிசை இதுதான்: கையால் தைக்கப் பழகுங்கள், அப்புறம் கால் மெஷினில் பிரேம் (துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) போட்டுப் பழகுங்கள், அப்புறம் கம்ப்யூட்டரில் பஞ்சிங், அதன்பின் வெளிக்கடையில் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது, எல்லாம் கைவந்த பிறகு சொந்த மெஷின். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் கைவேலைக்கு மூன்று மாதம், பஞ்சிங்குக்கு இன்னொரு மூன்று மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. கைவேலைக்கு வேண்டிய பொருள்கள்

எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் தொடங்கிவிடலாம். டவுன் ரத வீதிகளைச் சுற்றியுள்ள தையல் சாமான் கடைகளிலேயே எல்லாம் கிடைக்கும்.

துணிக்கு முதலில் காடாத்துணி ஒரு மீட்டர். வாங்கியதும் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டுத் தேய்த்த பிறகே ஊசி போடுங்கள்; தைத்த பிறகு துணி சுருங்கினால் படம் முழுவதும் கூனிவிடும். ஆறு அங்குலம் அல்லது எட்டு அங்குல மர வளையம் ஒன்று. உள்வளையத்தில் பழைய பருத்தித் துணி நாடாவைச் சுற்றிவிட்டால் துணி நழுவாது. நூல் ஆறு இழை சேர்ந்த பருத்தி நூல், ஒரு கட்டு எட்டு மீட்டர் வரும். கோட்டுக்கு இரண்டு இழை, நிரப்புவதற்கு மூன்று இழை என்று பிரித்து எடுங்கள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை உள்ள நீளத்துக்கு மேல் நூலை வெட்டாதீர்கள். நீளமாக வைத்தால் நேரம் மிச்சமாகும் என்று தோன்றும், ஆனால் பாதியில் நூல் பிசிறிவிடும்.

நூலில் ஒரு சோதனை கட்டாயம். சிவப்பு, நீலம், கரும்பச்சை நூல்களை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. தொடர்ந்து போகிற கடையில் அண்ணாச்சியிடம் சொன்னால் பிரித்த கட்டிலிருந்து ஒரு முழம் வெட்டிக் கொடுப்பார், வீட்டில் சோதித்துவிட்டு மொத்தமாக வாங்கலாம்.

3. படத்தை நூலுக்காகத் திருப்பி வரையுங்கள்

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பென்சில் படம் வேறு, தையல் படம் வேறு. பென்சிலில் அழுத்தம் குறைத்து நிழல் போடலாம், கோட்டை மெலிதாக்கி மறைய விடலாம். நூலுக்கு அந்த வசதி கிடையாது. அதன் பருமன் மாறாது. நீளம், திசை, நிறம், நெருக்கம் இந்த நான்கை மட்டும்தான் நாம் மாற்ற முடியும்.

ஒரு பனைமரத்தை எடுத்துக்கொள்வோம். திசையன்விளைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்து வரைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சென்டிமீட்டர் உயரம், நெடுக ஓடும் தண்டு, அதில் வளைய வளையமாகத் தழும்பு, மேலே விசிறி ஓலைகள், நடுவில் நுங்குக் குலை, கீழே காய்ந்து தொங்கும் ஓலை.

முதலில் டிரேசிங் தாளை வைத்து, ஒன்றுக்கொன்று ஒட்டாத தனித்தனி வடிவங்களாகப் பிரித்து வரையுங்கள். தண்டு ஒரு வடிவம். ஓலை ஒவ்வொன்றும் ஒரு வடிவம். நுங்கு ஒவ்வொன்றும் ஒரு வட்டம். எந்த வடிவம் எதன் மேல் உட்காருகிறது என்று எண் போடுங்கள்: பின்னால் தெரியும் ஓலைகள் 1, தண்டு 2, முன்னால் வரும் ஓலைகள் 3, நுங்கு 4. அப்புறம் ஒவ்வொரு வடிவத்துக்குள்ளும் நூல் ஓட வேண்டிய திசையை அம்புக்குறியாகப் போடுங்கள். இந்த அம்புக்குறித் தாள்தான் உங்கள் உண்மையான டிசைன். கைக்கும் அதுதான், மெஷினுக்கும் அதுதான்.

இனி கைக்கும் மெஷினுக்கும் எங்கே பிரிகிறது என்று பாருங்கள். கையால் தைக்கும்போது தண்டுக்கு மேலிருந்து கீழாக நெருக்கமான காம்புத் தையல் (ஸ்டெம் ஸ்டிட்ச்) வரிகள் போட்டு, சாம்பல் கலந்த மூன்று பழுப்பு நிறங்களை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். தழும்புகளைக் கடைசியில் ஒற்றை இழையில் பின் தையலாக (பேக் ஸ்டிட்ச்) போட்டால் அச்சு அசலாக இருக்கும். மெஷினில் அதே தண்டுக்குத் திசை குறுக்காகத்தான் போக வேண்டும். அகலம் 6 மில்லிமீட்டர் என்றால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாவும் சாட்டின் தையல் போதும், அதன் பளபளப்பே வளையத் தழும்பு மாதிரி தெரியும். 8, 9 மில்லிமீட்டராக இருந்தால் சாட்டின் தளர்ந்து வளையலில், கொக்கியில் மாட்டி இழுபடும். அங்கே நடுவில் குத்திக் குத்திப் போகும் ஃபில் தையல்தான் சரி.

ஓலை இன்னும் நுணுக்கமானது. விசிறியின் எல்லா இதழ்களும் ஒரே புள்ளியில் கூடுகின்றன. வரைந்தபடியே தைத்தால் அந்தப் புள்ளியில் நூல் கட்டி தட்டிப் போகும். கையால் தைத்தால் ஊசி இறங்காது, மெஷினில் ஊசியே ஒடியும். இதழ்களைப் புள்ளியிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி, ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று தொடங்குங்கள். நடு இடைவெளியைக் கடைசியில் ஒரு சின்ன வடிவத்தால் மூடிக்கொள்ளலாம். இதழின் நுனி 1 மில்லிமீட்டருக்குக் கீழே மெலியும் இடத்தில் சாட்டினை நிறுத்தி ஒற்றைக் கோடாக முடியுங்கள்.

பெயர் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. ஆங்கில எழுத்துக்கு 5 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் மெஷின் சமாளிக்கும். தமிழ் எழுத்து அந்த அளவில் வராது. ண, ஞ, இ, ஜ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். குறைந்தது 10 மில்லிமீட்டர், முடிந்தால் 12 வைத்துக்கொள்ளுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியை ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாத குட்டிச் சாட்டினாகப் போடுங்கள். சும்மா இரண்டு தையல் போட்டு விட்டால் ஒரு துவைப்பில் புள்ளி அமுங்கி, பள்ளிக்கூடத்தின் பெயரே மாறிப்போகும்.

4. துணிக்கு மாற்றும் முறைகள்

வெளிர் துணி, மெல்லிய துணி என்றால் தாளின் மேல் துணியை வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி நேராக வரைந்துவிடலாம். அடர்நிறத் துணிக்கு மஞ்சள் அல்லது வெள்ளைக் கார்பன் தாள் வாங்குங்கள். அலுவலகத்தில் பயன்படுத்துகிற கறுப்பு, நீலக் கார்பனைத் தொடவே தொடாதீர்கள். அந்தக் கறை துவைத்தாலும் போகாது.

கல்யாண பிளவுஸ், பட்டு இவற்றுக்கு ஆரிக்காரர்கள் செய்வதுதான் சிறந்த முறை. டிரேசிங் ஷீட்டில் படத்தை வரைந்து, கீழே கனமாக மடித்த துணியை வைத்து, கோட்டின் மேல் ஊசியால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடைவெளியில் துளை போட்டுக்கொண்டே போக வேண்டும். ஷீட்டின் பின்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். அதை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால் பவுடர் நன்றாக இறங்கும். ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் கெட்டியாகக் குழைத்து, சுருட்டிய துணியால் தொட்டு ஷீட்டின் மேல் ஒரே சீராக இழுத்தால் துணியில் வெள்ளைப் புள்ளிக் கோடு விழும். குழம்பு தண்ணீராக இருந்தால் ஓரம் பரவும். அடுப்பு, விளக்கு இருக்கும் அறையில் இதைச் செய்யாதீர்கள். விலை உயர்ந்த பட்டு என்றால் ஓரத்துண்டில் ஒரு புள்ளி வைத்துக் காயவிட்டுப் பார்த்த பிறகே முழுப் படத்தையும் இறக்குங்கள். துளை போட்ட ஷீட்டைச் சுருட்டிப் பத்திரமாக வைத்தால் பல பிளவுஸுக்கு வரும். இடது கை, வலது கை இரண்டுக்கும் ஒரே ஷீட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

தேய்ப்புப்பெட்டி பட்டால் மறையும் பேனா இப்போது எல்லாக் கடையிலும் இருக்கிறது. வெள்ளைத் துணிக்குச் சரி. அடர்நிறத் துணியில் சூடு பட்ட பிறகும் வெளிறிய தடம் தங்கிவிடுவதுண்டு.

5. ஒரு தடவையாவது முழுப் படத்தையும் கையால் தையுங்கள்

மெஷினுக்காகத்தான் கற்கிறேன், கைவேலை எதற்கு என்று கேட்காதீர்கள். நூல் துணியை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை விரலில் உணர்ந்தால்தான் பஞ்சிங்கில் எந்த எண்ணை மாற்றுவது என்று புரியும்.

ஓட்டுத் தையல், பின் தையல், காம்புத் தையல், சங்கிலித் தையல், நிரப்புத் தையல், பிரெஞ்சு முடிச்சு ஆகிய ஆறும் போதும். நுங்குக்கு நிரப்புத் தையல் போடும் முன், அடியில் சங்கிலித் தையலால் ஒரு படுகை போட்டுவிட்டு அதற்குக் குறுக்காக மேல் தையல் போடுங்கள். நுங்கு உப்பித் தெரியும். இதே படுகை மெஷினில் அண்டர்லே என்ற பெயரில் திரும்ப வரும். ஆரி பழக நினைத்தால் நிற்கும் சட்டம் ஒன்று வேண்டும், ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். முதல் இரண்டு வாரம் வெறும் சங்கிலி மட்டும் போடுங்கள். மணி, ஜமிக்கியை அதற்கு முன் எடுக்காதீர்கள்.

6. கால் மெஷினில் பிரேம்

வீட்டில் சாதாரணத் தையல் மெஷின் இருந்தால் செலவில்லாத பயிற்சி இது. பிரஷர் ஃபுட்டைக் கழற்றிவிடுங்கள். பல்லை மறைக்கும் எம்பிராய்டரி பிளேட்டைப் போடுங்கள். வளையத்தில் துணியைத் தலைகீழாக மாட்ட வேண்டும், அதாவது துணி மெஷின் பலகையோடு ஒட்டிப் படிய வேண்டும். மேல் நூலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துங்கள்.

இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஃபுட்தான் இல்லையே என்று பின்னால் இருக்கும் லிவரை இறக்காமல் விட்டுவிடுவார்கள். லிவர் மேலே இருந்தால் நூலை இறுக்கும் தட்டுகள் பிடிக்காது, அடியில் நூல் கொத்தாகச் சிக்கும். ஃபுட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லிவரை இறக்கிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். விரல்களை வளையத்தின் ஓரத்தில் மட்டும் வையுங்கள்.

7. கம்ப்யூட்டரில் பஞ்சிங்

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம். அதற்குள் சேர்த்து நிறுவுகிற இங்க்ஸ்டிட்ச் என்ற நீட்சியும் இலவசம். கற்றுக்கொள்ள மட்டுமில்லை, சின்ன அளவில் தொழில் செய்யவும் இவை போதும். பெரிய கடைகளில் வில்காம் என்ற பஞ்சிங் மென்பொருள் வைத்திருப்பார்கள். அதன் முழுப் பதிப்பு விலை அதிகம். பென்டிரைவில் மலிவாகக் கிடைக்கும் திருட்டு நகலை வாங்காதீர்கள், கூடவே வைரஸும் வரும். மொபைலில் இந்த வேலை நடக்காது, கம்ப்யூட்டரோ லேப்டாப்போ வேண்டும்.

அம்புக்குறித் தாளை ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் பகல் வெளிச்சத்தில் தாளைத் தரையில் வைத்து, நேர் மேலிருந்து போட்டோ எடுத்தால் போதும். இங்க்ஸ்கேப்பில் அளவு அலகை மில்லிமீட்டருக்கு மாற்றி, படத்தை உண்மையான தையல் அளவுக்குக் கொண்டுவந்து, மங்கலாக்கிப் பூட்டுங்கள். அதன் மேல் பேனாக் கருவியால் ஒவ்வொரு வடிவத்தையும் வரையுங்கள். நிறம் நிரப்பிய மூடிய வடிவம் ஃபில் தையலாகும். வெறும் கோடு ரன்னிங் தையலாகும். இரண்டு கரைகளை இணைகோடுகளாக வரைந்து, நடுவே ஏணிப்படி மாதிரி சில குறுக்குக் கோடுகள் போட்டால் சாட்டின் ஆகும். அந்தக் குறுக்குக் கோடுகள்தான் நீங்கள் தாளில் போட்ட அம்புக்குறி.

எண்களில் இவற்றைக் கைக்கொள்ளுங்கள். சாதாரண 40 எண் எம்பிராய்டரி நூலுக்கு வரிசை இடைவெளி 0.4 மில்லிமீட்டர். நெருக்கமாக இருந்தால் அழகு என்று 0.2 வைத்தால் துணி அட்டை மாதிரி விறைத்துப்போகும். ரன்னிங் தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர். சாட்டின் அகலம் 1 முதல் 7 வரை. நூல் தன் திசையில் துணியை உள்ளிழுப்பதால் வட்டமான நுங்கு முட்டை வடிவமாகிவிடும். அதை ஈடுகட்ட அந்தத் திசையில் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை அகலம் கூட்டிக் கொடுங்கள். அண்டர்லேயை எந்த வடிவத்துக்கும் நிறுத்தாதீர்கள். ஃபில்லும் ஓரக்கோடும் சரியாகத் தொடும்படி வரைந்தால் தைக்கும்போது நடுவில் துணி இளிக்கும். ஃபில் கோட்டுக்கு அடியில் கொஞ்சம் நுழைந்திருக்க வேண்டும்.

வரிசையும் முக்கியம். ஒரே நிறத்தில் உள்ளவற்றை முடிந்தவரை அடுத்தடுத்து வையுங்கள். தாவல்கள் கூடினால் ஒவ்வொன்றுக்கும் நூல் வெட்டு, அதற்கு நேரம். முடித்ததும், தைப்பதைத் திரையிலேயே காட்டும் சிமுலேட்டரை ஓட்டி, ஊசி போகும் வழியை முழுவதும் பாருங்கள். அவசரத்தில் இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் துணியில் தப்பைப் பார்க்கிறார்கள்.

போட்டோவைப் போட்டால் ஒரே பொத்தானில் தையலாக மாற்றித் தரும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. நிழலையும் தாள் மடிப்பையும்கூட அது வடிவமாக எடுத்துக்கொள்ளும். அதைத் திருத்துகிற நேரத்தில் நீங்களே வரைந்துவிடலாம்.

சேமிக்கும்போது இரண்டாகச் சேமியுங்கள். வரைந்த மூல ஃபைல் ஒன்று, மெஷினுக்குப் போகும் தையல் ஃபைல் ஒன்று. பெரிய மெஷின்களுக்கு டிஎஸ்டி, பிரதர் வீட்டு மெஷின்களுக்கு பிஇஎஸ், ஜனோமுக்கு ஜெஇஎஃப். டிஎஸ்டி ஃபைலில் நூலின் நிறம் சரியாகப் பதியாது. ஆகையால் எந்த வரிசையில் எந்த நிறம் என்று தனித்தாளில் எழுதி வைக்க வேண்டும். தையல் ஃபைலைப் பத்து சதவீதத்துக்கு மேல் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டாம். அளவு மாற வேண்டும் என்றால் மூல ஃபைலுக்குப் போய் மாற்றித் திரும்ப எடுங்கள்.

8. வெளிக்கடையில் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது

பஞ்சிங் செய்த ஃபைலைக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில் ஜாப் ஒர்க்காகக் கொடுங்கள். கூலி பெரும்பாலும் ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்ற கணக்கில் இருக்கும், அதோடு குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றும் வைத்திருப்பார்கள். அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரே ஒரு சின்னப் பூவுக்குப் போய் நின்றால் குறைந்தபட்சக் கட்டணம் அதிகமாகத் தெரியும். ஐந்தாறு மாதிரிகளைச் சேர்த்து ஒரே பிரேமில் வரும்படி அடுக்கிக் கொண்டுபோனால் கட்டுபடியாகும்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: பென்டிரைவ் (சில பழைய மெஷின்கள் அதிகக் கொள்ளளவு உள்ளதைப் படிக்காது, சின்னதாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஃபைல் பெயரும் சுருக்கமாக இருக்கட்டும்), அளவோடு அச்செடுத்த படம், நிற வரிசைத் தாள், தைக்கப்போகும் அதே ரகத் துணியில் ஒரு கூடுதல் துண்டு. காடாவில் அழகாக வந்த டிசைன் சில்க் காட்டனில் சுருங்கும். பனியன் துணியில் இன்னும் மோசம். அதற்கு அடியில் வெட்டி எடுக்கிற ரகப் பேக்கிங் பேப்பர் (துணியைத் தாங்கும் அடித்தாள்) போடச் சொல்லுங்கள், கிழித்தெடுக்கும் ரகம் நிற்காது.

பிளவுஸ் என்றால் துணியை வெட்டும் முன்பே எம்பிராய்டரிக்குக் கொடுக்க வேண்டும். கழுத்து, கை அளவுகளைத் துணியில் குறித்து, சுற்றிலும் 5 சென்டிமீட்டராவது விட்டுக் கொடுங்கள். வெட்டிய துண்டைப் பிரேமில் மாட்ட முடியாமல் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர்.

நான் பார்த்த ஒரு கடையில் ஃபைலை வாங்கி வைத்துக்கொண்டு, அதே டிசைனை வேறு வாடிக்கையாளர்களுக்கும் ஓட்டினார்கள். சின்ன கடைகளில் இதற்கு எழுத்து ஒப்பந்தம் எல்லாம் கிடையாது. அதனால் மூல ஃபைலை யாரிடமும் கொடுக்காதீர்கள். தையல் ஃபைலை மட்டும் கொடுத்து, ஓட்டி முடித்ததும் மெஷினிலிருந்து அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். அழிப்பதை நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

9. சொந்த மெஷின்

ஆர்டர் தொடர்ந்து வரத் தொடங்கிய பிறகு இதைப் பற்றி யோசியுங்கள். வீட்டு உபயோக கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஐம்பதாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். ஒற்றை ஊசி, ஒவ்வொரு நிறத்துக்கும் நீங்கள் எழுந்து நூல் மாற்ற வேண்டும். தொடக்க மாடல்களில் தைக்கும் பரப்பு 100-க்கு 100 மில்லிமீட்டர்தான். பிளவுஸ் முதுகுக்கு அது போதாது. 12 அல்லது 15 ஊசி உள்ள ஒற்றைத்தலை மெஷின் மூன்று லட்சத்திலிருந்து மேலே போகும்.

வாங்கும் முன் இப்படிக் கணக்குப் போடுங்கள். 12,000 தையல் உள்ள டிசைன், நிமிடத்துக்கு 600 தையல் வேகம் என்றால் தைக்க மட்டும் 20 நிமிடம். ஒற்றை ஊசி மெஷினில் ஐந்து நிறம் மாற்ற, நூல் வெட்ட, பிரேம் மாட்ட இன்னும் 20 நிமிடம் சேரும். ஆக மணிக்கு ஒன்றரை உருப்படி. இதற்கு உங்களுக்குக் கிடைக்கும் கூலியையும் மாதத் தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் அதிகபட்ச வேகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அந்த வேகத்தில் ஜரிகை நூல் தாங்காது.

டீலரிடம் கேட்க வேண்டியவை: சர்வீஸ் ஆள் திருநெல்வேலியிலேயே இருக்கிறாரா, மதுரையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வர வேண்டுமா? வந்தால் போக்குவரத்துச் செலவு யாருடையது? உதிரிபாகம் கையிருப்பில் உண்டா? மின்சாரம் போனால் விட்ட தையலிலிருந்து தொடருமா? கரண்ட் தடைக்கு யுபிஎஸ் தனிச் செலவு. வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தினால் கட்டண வகை மாறலாம், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

10. பயிற்சி, பதிவு, கடன்: காகித வேலை

இலவசப் பயிற்சி வேண்டும் என்றால் ஊரகச் சுயதொழில் பயிற்சி நிறுவனத்தில் கேளுங்கள். கிராமப்புறத்தில் வசிப்பவர்களுக்காக வங்கிகள் நடத்துவது; பயிற்சிக்கும் உணவுக்கும் கட்டணம் கிடையாது. தையல், எம்பிராய்டரி வகுப்புகள் ஒரு மாத அளவில் இருக்கும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், கல்விச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ ஆகியவற்றின் நகல்களை எப்போதும் ஒரு கவரில் தயாராக வைத்திருங்கள். பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஆதாரிலும் பான் கார்டிலும் பாஸ்புக்கிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

தொழிலாகச் செய்யத் தொடங்கியதும் உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு எடுங்கள். ஆதாரும் பானும் போதும், முழுக்க இலவசம், புதுப்பிக்கவும் தேவையில்லை. தேடும்போது மேலே வருகிற சில தனியார் தளங்கள் அரசுத் தளம் மாதிரியே தோற்றம் காட்டிக் காசு கேட்கும். முகவரி ‘கவ் டாட் இன்’ (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

கையால் மட்டும் தைக்கிறவர்கள் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கும் கட்டணம் இல்லை. நமக்குப் பக்கத்தில் நாகர்கோவிலில் கைவினைச் சேவை மையம் இருக்கிறது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரியைக் காட்டி அந்த அட்டையை வாங்க முடியாது, அது கைவினைக்கானது.

மெஷின் கடனுக்கு மாவட்டத் தொழில் மையம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து சங்கரன்கோவில், கடையநல்லூர், ஆலங்குளம் பக்கத்தவர்கள் தென்காசியில்தான் மனு கொடுக்க வேண்டும். பழைய நினைப்பில் திருநெல்வேலிக்கு வந்து ஒரு நாளை வீணாக்காதீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம். மானியம் நகர்ப்புறத்தில் 25, கிராமப்புறத்தில் 35 சதவீதம். பொதுப்பிரிவு ஆண்களுக்குச் சொந்தப் பங்கு 10, மானியம் 15, 25 என்று இருக்கும். மானியம் கையில் வராது. வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாக நின்று, பிறகு கடனில் கழியும். தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது ஆனவர்களுக்கு 3 லட்சம் வரை கடனும் 25 சதவீத மானியமும் (அதிகபட்சம் 50,000 ரூபாய்) உண்டு. உங்கள் வேலை பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது, இந்தத் திட்டங்கள் இப்போது விண்ணப்பம் வாங்குகின்றனவா என்று நேரில் கேட்டுக்கொண்டு மனு போடுங்கள்.

கடன் அனுமதிக் கடிதம் வரும் முன் மெஷினுக்கு முழுப்பணமும் கட்டிவிடாதீர்கள். வங்கி டீலருக்குத்தான் நேராகப் பணம் அனுப்பும். ஏற்கெனவே வாங்கிய மெஷினுக்குக் கடன் கேட்டால் சிக்கல். டீலரின் ஜிஎஸ்டி எண் போட்ட கொட்டேஷன், திட்ட அறிக்கை, இடத்தின் வாடகை ஒப்பந்தம் இவை வேண்டும். திட்ட அறிக்கையை ஏஜென்டிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து எழுதி வாங்க வேண்டாம். மேலே சொன்ன மணிக் கணக்கை வைத்து நீங்களே எழுதினால்தான் வங்கி மேலாளர் கேட்கும்போது பதில் வரும்.

11. எந்த மாதத்தில் என்ன வேலை

வேலை வருஷம் முழுக்க ஒரே சீராக வராது. ஆவணி, தை, வைகாசி முகூர்த்தங்களுக்கு ஒரு மாதம் முன்பே பிளவுஸ் குவியும். ஆடியும் மார்கழியும் ஓய்வு, புது டிசைன் பஞ்சிங் செய்ய அந்த மாதங்களை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சீருடை முத்திரைக்கு ஏப்ரலிலேயே மாதிரி காட்டினால்தான் ஜூனுக்கு ஆர்டர் வரும். குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு வேடம் போடுகிறவர்கள் புரட்டாசியில் அவசரமாக வந்து நிற்பார்கள்.

பெயர் வைப்பதிலும் கவனம். வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது தறியிலேயே கையால் நெய்கிற பூ. அதைப் பார்த்து வரைந்து மெஷினில் தைத்ததைச் செடிபுட்டா என்று விற்கக் கூடாது, சட்டச் சிக்கலும் வரும், நெய்கிறவர் பிழைப்பும் கெடும். கார்ட்டூன் பொம்மை, கம்பெனி முத்திரை இவற்றையும் உரிமையாளர் அனுமதியில்லாமல் ஆர்டராக எடுக்காதீர்கள்.

விலை சொல்லும்போது வரைதல், பஞ்சிங், தையல் மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். பஞ்சிங் ஒரு முறைச் செலவு. ஒரே ஒரு பிளவுஸுக்கு என்றால் முழுவதும் அதன் மேல் விழும், ஐம்பது சட்டைக்கு என்றால் பங்கு போகும். மாதிரித் துண்டில் தைத்துக் காட்டி, அதில் வாடிக்கையாளரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி, பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகு அவர்கள் துணியில் ஊசியை இறக்குங்கள்.